பாலத்தடியில் நின்றவளுக்கு மைக்கில் சொன்னது

1. பெட்டி மாறி வந்த வெள்ளிக்கிழமை

தியேட்டர் வாசலில் தமிழ்ப் பட போஸ்டர் பளபளவென்று ஒட்டியிருக்கிறது. மாட்னிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. மதுரை பஸ்ஸிலிருந்து இறக்கிய படப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இந்திப் படம்! தமிழ்ப் படத்தின் பிரதி இன்னும் கைக்கு வரவில்லை, ஒரு வாரம் இதை ஓட்டிக்கொள்ளுங்கள் என்று பெட்டி கொண்டுவந்த ஆள் சொல்லிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

இது தொண்ணூற்றெட்டாம் வருடம், கம்பத்தில் நடந்தது. தியேட்டர் முதலாளி கனி ராவுத்தர். ஏலக்காய் வியாபாரமும் அவருக்கு உண்டு. அவருடைய ஜீப்பைக் குமுளி மலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர் அந்தோணி. கம்பத்தில் மலையாளம் பேச ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இந்திக்கு எங்கே போவது? ராவுத்தர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, என் கணவர் சும்மா இருக்காமல், "என் வீட்ல இருக்குறவ பம்பாய்ல பெறந்து வளந்தவ, மொதலாளி" என்று சொல்லிவைத்தார்.

நாங்கள் இருந்தது உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறித்துவக் கிராமம். நான் அடுப்படியில் இருந்தேன். ஜீப் வந்து நின்றது.

"ஸ்டெல்லா, கெளம்பு. மொதலாளி கூப்பிடுறாக. படத்துக்கு நீ மைக்குல தமிழ்ல சொல்லணுமாம்."

என் மாமியார் சவேரியம்மாள் கையில் ஜெபமாலையோடு வெளியே வந்தார். "யாரு, இவளா? கொட்டாயிலயா? மைக்குலயா?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி இறங்கினார்.

"கோயில்ல பொம்பளைங்க மைக்குல வாசகம் வாசிக்கிறாங்கல்ல, அத்தை?" என்றேன்.

"அது ஆண்டவரு வார்த்தை. இது எவன் வார்த்தை?"

பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது, நேரம் இல்லை. என் கணவர் ஜீப்பை அணைக்கவே இல்லை. கடைசியில் அத்தை ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை பூச முடிஞ்சு நானே வாரேன். கண்ணால பாத்துட்டுத்தான் நீ போகலாமா கூடாதான்னு சொல்லுவேன். அன்னைக்கு நான் வேணாம்னா வேணாம்தான். அப்பறம் பம்பாய், டெல்லின்னு பேசக் கூடாது."

எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பம்பாயில் நான் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க நாலு பாஷையில் வாயாடியவள். கல்யாணமாகி வந்தபின் என் இந்தியைக் கேட்க வீட்டு ஆடுகூட இல்லை. என் தமிழைக் கேட்டால் ஊரே சிரித்தது. பாதி வாய் துருப்பிடித்துப்போன மாதிரி இருந்தேன். ஜீப்பில் ஏறியபோது புடவையில் மஞ்சள்பொடி ஒட்டியிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

2. ஆபரேட்டர் ரூம்

ஆபரேட்டர் பெருமாள் அண்ணன் பனியனோடு நின்றவர், ஒரு பெண் படியேறி வருவதைப் பார்த்ததும் சட்டையைத் தேடி ஓடினார். அந்த ரூமுக்குள் இரண்டு புரொஜக்டர். படத்துக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிகிற சூட்டில் உள்ளே போனவுடனே முகம் வியர்த்துவிட்டது. வண்டி நம்பர் சொல்லிக் கூப்பிடவும், தொலைந்த பிள்ளையை அறிவிக்கவும் வைத்திருந்த மைக் ஒன்றுதான் எங்கள் ஆயுதம்.

முதல் சிக்கல் உடனே வந்தது. ரூமுக்குள் படத்தின் சத்தம் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. மைக்கைப் போட்டதும் இரண்டும் சேர்ந்து ஊளையிட்டன. பெருமாள் அண்ணன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். இனி படம் பேசுவதை நான் ஹாலில் இருந்துதான் கேட்க வேண்டும், சுவரில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக. ஹால் கத்தினால் எனக்கு ஒன்றும் கேட்காது.

அதனால் நான் மைக்கில் பேசிய முதல் வாக்கியம் மொழிபெயர்ப்பே இல்லை. "அண்ணே, அக்கா, எல்லாரும் கேளுங்க. நீங்க சத்தம் போட்டா எனக்குக் கேக்காது. எனக்குக் கேக்கலேன்னா ஒங்களுக்குக் கதை தெரியாது." விசில் பறந்தது. அப்புறம் அடங்கியது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. அந்தப் படத்தை நானும் பார்த்ததில்லை.

3. மாத்திரைப் பெட்டி

பனிமலை ஊர். அங்கே ஆற்றின் மேல் பாலம் கட்ட ஓர் இன்ஜினியர் வருகிறான். கேம்ப்பில் இருக்கும் நர்ஸ்மேல் காதல். அவள் சிரிப்பதே இல்லை. கையில் எப்போதும் ஒரு மருந்துப்பெட்டி. அதை யாரையும் தொட விடமாட்டாள்.

பெருமாள் அண்ணன் படத்தின் சத்தத்தைக் குறைக்கும்போது நான் பேசணும், அவர் மேசையைத் தட்டினால் நிறுத்தணும். கால் மணி நேரத்தில் இருவருக்கும் கை பழகிவிட்டது. வாய் திறந்தால் தமிழ் தானாகக் கொட்டியது. என் பம்பாய்த் தமிழைக் கேட்டு ஒருத்தரும் சிரிக்கவில்லை! அந்தக் குஷியில் நான் படத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"பாருங்க, மாத்திரை மருந்து கெட்டுப்போயிடுமேன்னு பெட்டிய யாரையும் தொட விடமாட்டேங்குது. அம்புட்டுப் பொறுப்பான பொண்ணு!"

பெண்கள் பெஞ்சு எங்கள் ரூமுக்கு நேர் கீழே. "நம்ம ஆஸ்பத்திரிக்கு இப்படி ஒரு நர்சு வந்தா என்னா?" என்று ஒரு குரல். ஹால் முழுக்க அவளைத் தங்கள் வீட்டு மருமகளாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. பாட்டு வந்தது. அதையும் வரிவரியாக மொழிபெயர்க்கப் போனேன். "ஏத்தா, பாட்டுக்காவது வாய மூடு!" என்று முன்வரிசை கத்தியது. மூடிக்கொண்டேன்.

இடைவேளைக்கு முந்தின காட்சி. அவள் தனியாகக் குகைக்குள் போய்ப் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே ஒயர், பேட்டரி, வெடிகுண்டு!

லைட் எரிந்ததும் ஹால் மொத்தமும் திரையை விட்டுவிட்டு எங்கள் ஓட்டையைப் பார்த்துத் திரும்பியது.

"ஏலே மைக்கு! மாத்திரைன்னியே, எங்கன இருக்கு மாத்திரை?"

"அந்தக் குண்டத்தான் பொறுப்பா வச்சிருந்தாளாக்கும்?"

நான் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன். பெருமாள் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. ஆனால் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. சோடா வாங்கப் போனவர்கள்கூட ஓடி வந்து உட்கார்ந்தார்கள்.

4. நாங்க வஞ்சுக்கிறோம்

இரண்டாம் பாதியில் அவள் யார் என்று தெரிகிறது. தீவிரவாதக் கூட்டத்தில் ஒருத்தி. பாலத்தைத் திறந்துவைக்கும் நாளில், கூட்டத்தோடு சேர்த்து அதைத் தகர்க்க வந்தவள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பம்பாயில் குண்டு வெடித்த ஒரு தெருவை மறுநாள் நான் கடந்து போயிருக்கிறேன். ரோட்டில் செருப்புகள் கிடந்தன, ஜோடி ஜோடியாக இல்லாமல் ஒற்றை ஒற்றையாக. பல வருடம் ஆகியும் அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. திரையில் அவள் தன் கதையைச் சொல்ல வாய் திறந்தாள். நான் மைக்கில் அவள் சொன்னதைச் சொல்லாமல், "பாவி, கொலைகாரி, பொய் சொல்லுறா, நம்பாதீங்க" என்று திட்டித் தீர்த்தேன்.

கீழே பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"ஏத்தா, அவ என்னா சொல்றாளோ அத மட்டும் சொல்லு. வைய வேண்டியிருந்தா நாங்க வஞ்சுக்கிறோம்!"

மொழிபெயர்க்கிற வேலைக்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு விதியை நான் இன்றுவரை கேட்டதில்லை. அந்தப் பெண்மணியின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, திரையில் அந்த நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். அவள் ஊரை எரித்தார்கள். அப்பனையும் தம்பியையும் அவள் கண் முன்னால் கொன்றார்கள். அவளைத் தூக்கிப்போய் வளர்த்தவர்கள் அவள் கையில் பெட்டியைக் கொடுத்தார்கள். வைகிறோம் என்றவர்களும் வையவில்லை.

கடைசியில் பாலத்தடியில் அவள், கையில் சுவிட்ச். மேலே கூட்டம். இன்ஜினியர் அவளை நோக்கி இறங்கி வருகிறான். அவள் போ என்கிறாள், அவன் போகவில்லை. வெடிக்கிறது. அவ்வளவுதான் படம்.

5. தெரிந்தவள் கெடுத்த ஆட்டம்

சாயங்கால ஆட்டத்துக்கு நான் ரொம்பத் தெளிவாக வந்தேன். இனி ஏமாறக் கூடாது, யாரையும் ஏமாற்றவும் கூடாது. நர்ஸ் வந்த முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டேன்: "கையில இருக்குறது மருந்துப்பெட்டி இல்ல, குண்டு. பாத்து வச்சுக்கங்க."

ஆட்டம் படுத்துவிட்டது. இன்ஜினியர் அவள் பின்னால் போகும்போதெல்லாம் "போடா கேணப்பயலே" என்று சிரித்தார்கள். பாட்டுக்கு விசில் இல்லை. பெட்டி திறக்கும் காட்சியில் பாதிப் பேர் டீக்கடையில் இருந்தார்கள்.

ராவுத்தர் படியேறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "மாட்னில சொன்ன மாதிரியே சொல்லுத்தா" என்றார்.

"அது தப்பு, மொதலாளி. எனக்குக் கதை தெரியாம ஒளறினது."

"அந்தப் பாலங்கட்டுற பயலுக்கு மட்டும் தெரியுமாக்கும்? அவனுக்குத் தெரியாதத நீ எதுக்கு முந்திக்கிட்டுச் சொல்ற? அவனுக்குத் தெரியுறப்ப சனத்துக்கும் தெரிஞ்சாப் போதும்."

எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் எனக்குத் தெரியாமல் இருந்ததால் நானும் அந்த இன்ஜினியரும் கூடவே நடந்திருக்கிறோம். சாயங்காலம் நான் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் ஓடிவிட்டேன். ஆனால் மாத்திரை என்று திரும்பவும் சொன்னால் அது தெரிந்தே சொல்லும் பொய். ராத்திரிச் சாப்பாட்டின்போதும் இதே யோசனை. சனிக்கிழமை மாட்னியில் ஒரு வழி பிடித்தேன். "பெட்டிய யாரையும் தொட விடமாட்டேங்குது" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பெண்கள் பெஞ்சு தானாகவே, "மாத்திரை மருந்து இருக்கும்ல, அதான்" என்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். பெருமாள் அண்ணன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

6. அத்தை வந்த ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து டவுன் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். கோயிலுக்குக் கட்டிய அதே சேலை, கையில் அதே ஜெபமாலை. பெண்கள் பெஞ்சில் எங்கள் ஓட்டைக்கு நேர் கீழே இடம் பிடித்தார். இவர் வேணாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் நாளை முதல் நான் திரும்ப அடுப்படிதான்.

பெட்டியைத் தொட விடாத காட்சி வந்தது. கீழேயிருந்து அத்தையின் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

"மருந்துப் பெட்டிய எம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கா பாருங்க! எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா, மிளகாப்பொடி டப்பாவக் கூட மூடுறதில்ல."

மைக்கில் இருந்துகொண்டு என்ன பதில் சொல்வது? அடுத்த வசனத்தைச் சொன்னேன்.

இடைவேளைக்கு முன்னால் பெட்டி திறந்தது, ஹால் அலறியது, லைட் எரிந்தது. பெருமாள் அண்ணன் எட்டிப் பார்த்துச் சேதி சொன்னார்: "ஒங்க மாமியா எந்திரிக்கவே இல்லத்தா. சோடாகூட வாங்கல. வெறுந்திரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காக."

நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. கார்பன் மாற்றிக்கொண்டிருந்த பெருமாள் அண்ணனிடம், "அண்ணே, நாளைக்கு நான் வரலைன்னா எங்க அத்தை வேணாம்னுட்டாகன்னு மொதலாளிகிட்ட சொல்லிருங்க" என்றேன். அவர் அடுத்த ரீலை மாட்டினார்.

இரண்டாம் பாதியில் அவள் தன் கதையைச் சொல்கிற இடத்தில், வையாமல், கூட்டாமல், அவள் சொன்னதைச் சொன்னேன். கீழே மூக்கை உறிஞ்சும் சத்தம். அத்தையா, பக்கத்தில் இருந்தவரா, தெரியவில்லை.

பாலத்தடி வந்தது. அவள் கையில் சுவிட்ச். மேலே கூட்டம், குழந்தைகள், பேண்டு வாத்தியம். அவன் இறங்கி வருகிறான். அவள் விரல் சுவிட்சின் மேல் போகிறது. அந்தச் சமயம் கீழே பெஞ்சு கிறீச்சிட்டது. அத்தை எழுந்து நின்று, திரைக்கு முதுகைக் காட்டி, எங்கள் ஓட்டையைப் பார்த்துக் கத்தினார்.

"ஸ்டெல்லா! ஒனக்குத்தான் அவ பாஷ தெரியுமே! வேணாம்னு அவகிட்ட எடுத்துச் சொல்லு ஆத்தா!"

ஹாலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. விசில் அடிக்கிற முன்வரிசைகூடத் திரும்பி ஓட்டையைத்தான் பார்த்தது. "சொல்லுத்தா, சொல்லு" என்று இன்னும் சில குரல்கள். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பெருமாள் அண்ணன் சத்தத்தைக் குறைத்துவிட்டார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்தியில், என் பம்பாய்த் தெரு இந்தியில், அவளிடமே பேசினேன்.

"மத் தபா ரே, பெஹன். மத் தபா."

அமுக்காதே தங்கச்சி, அமுக்காதே. வெள்ளிக்கிழமை அவளைக் கொலைகாரி என்று திட்டிய அதே வாய். ஒற்றைச் செருப்புகள் கிடந்த அந்தத் தெரு ஞாபகம் வந்தது. அதனால்தான் இன்னும் கெஞ்சினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் அவள் கேட்டுவிடுவாள் என்றே நம்பினேன்.

அவள் கேட்கவில்லை. வெடித்தது. பெருமாள் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே புரொஜக்டரை அணைத்தார். அதே படத்தை அவர் வெள்ளிக்கிழமையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார், இருந்தும்!

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். காமயகவுண்டன்பட்டிக்குப் போகிற ஒரு திராட்சைக் கூடை எங்கள் இருவருக்கும் நடுவில். கூடையும் அதன் ஆளும் இறங்கியபிறகுதான் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் போ."

"சரி அத்தை."

"போயி அவகிட்ட சொல்லு. இன்னைக்கு திடுதிப்புன்னு சொன்னதால கேக்கல. கொஞ்சம் முந்தியே ஆரம்பி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது!

7. பெட்டி போன பிறகு

அந்த வாரம் படம் நன்றாக ஓடியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பாலத்தடி வந்ததும் ஹாலே என்னைப் பேசச் சொல்லிக் கேட்டது, நானும் பேசினேன். வீட்டுக்குப் போனால் அத்தை தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பார்: "இன்னைக்காவது கேட்டாளா?"

"இல்ல அத்தை."

"ம்" என்று குழம்பை ஊற்றுவார். அது படம், நிஜமில்லை என்று என் கணவர் ஒருநாள் விளக்கப் போனார். "எனக்குத் தெரியாதாடா?" என்று அத்தை அவர் வாயை அடைத்துவிட்டார்.

அதன்பின் ராவுத்தர் இந்திப் படம் கொண்டுவந்த போதெல்லாம் நான்தான். பிறகு போலீஸ் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு என்று வழி தவறி வந்த வடநாட்டு ஆட்களிடம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். இப்போது தேனிப் பக்கம் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகளுக்காக ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வதெல்லாம் அந்த வாரத்தில் கிடைத்ததுதான். பேசுகிறவருக்கு முன்னால் ஓடாதீர்கள். உங்கள் வசவை அடுத்தவர் பேச்சோடு கலக்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவன் பொய் சொல்கிறான் என்று உங்களுக்குத் தோன்றினாலும், அவன் சொன்னதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, அது அத்தையிடமிருந்து வந்தது. வியாழக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், படம் முடிந்துவிட்டது, பெட்டி நாளைக் காலை பஸ்ஸில் வேறு ஊருக்குப் போகிறது என்றேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"போற ஊர்ல அவகிட்ட எடுத்துச் சொல்ல ஆள் இருக்கா?"

இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "இருக்கும் அத்தை" என்றேன். அவர் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்போது பொய்யாகச் சொன்ன அந்தப் பதிலை மெய்யாக்கத்தான், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு நான் கிளம்பிவிடுகிறேன்.